மாட்டுத் தரகரும் அவர் நெஞ்சில் கேட்ட சத்தமும்

பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கோ வெளிநாட்டில் ஒருவருக்கு நெஞ்சுக்குள் இயந்திரம் வைத்திருக்கிறார்களாம். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்குள் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய், ஆளைப் படுக்கையில் தள்ளிவிடுகிறதாம்.

செஞ்சி பஸ் நிலையத்து டீக்கடையில் இதைச் சத்தமாகப் படித்த மருந்துக்கடை ஆட்கள் மூலையில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார்கள். "ண்ணா, உங்க டாக்டர்கிட்டகூட நெஞ்சுல மிசின் வெச்ச ஆளு ஒருத்தரு வருவாராமே? கத கதயா சொல்றாங்க." நான் கூச்ச சுபாவி. நாலு பேர் பார்த்தால் டீ தொண்டையில் இறங்காது. "எழுதித் தரேன்" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்தில் பிழையிருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

முதலில் நான் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களிடம் 'என்ன வேண்டும்' என்று கேட்க எனக்கு வாய் வராது. அவர்களே சொல்லட்டும் என்று நிற்பேன். கடை முதலாளி இரண்டு தீபாவளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ துணிக்கடைக்கு ஆவ மாட்ட, ஆஸ்பத்திரிக்குப் போ, அங்க வர்றவன் அவனே கத்துவான்" என்று அனுப்பிவிட்டார். அப்படித்தான் நயினார் டாக்டரிடம் சேர்ந்தேன். ஊசி கொதிக்க வைக்க, புண் கழுவிக் கட்ட, ரத்தம் எடுக்கும்போது கை அசையாமல் பிடிக்க அவரே கற்றுக்கொடுத்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மகளோடு போய்விட்டார். அன்றோடு நானும் ஓய்வுபெற்றேன். தலை இன்னும் முழுக்க நரைக்கவில்லை.

நயினார் டாக்டர் மேல்சித்தாமூர்க்காரர், ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். அந்த நேரத்தில் வருகிறவர்களின் வியாதிக்குக் காத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும். பாம்பு கடித்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாரையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். அந்த மரியாதைதான் பயமாக இருக்கும். சொன்னபடி மருந்து சாப்பிடாத ஒரு மிராசுதாரிடம், "தாராளமா சாவுங்க, ஐயா. ஞாயித்துக்கெழம மட்டும் வேணாம். அன்னிக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன், சர்டிபிகேட் குடுக்க ஆள் இல்லாம உங்க வீட்ல கஷ்டப்படுவாங்க" என்றார். மிராசுதார் அன்றிலிருந்து மணியடித்தாற்போல மருந்து சாப்பிட்டார்.

இனி கன்னியப்பனிடம் வருகிறேன்.

கன்னியப்பன் தொண்டூரில் மாட்டுத் தரகர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்துக்குள் இருந்த வால்வைக் கெடுத்துவிட்டது. கொஞ்சம் நடந்தாலும் மூச்சு வாங்கும். அறுபதுகளின் கடைசியில், நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்கிற பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நயினார் டாக்டர்தான் அவரை அனுப்பிவைத்தார். அங்கே கெட்டுப்போன வால்வை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு சின்னக் கம்பிக் கூண்டும் அதற்குள் ஒரு குண்டும் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ரத்தம் போகும்போது குண்டு மேலே ஏறும், திரும்பி வரப் பார்த்தால் கீழே விழுந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் 'டொக், டக்' என்று சத்தம் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகவே கேட்கும். வாயைத் திறந்தால் இன்னும் பெரிதாகக் கேட்கும்.

"அர்ச்சுனா, நான் தூங்கனா எம் பொண்டாட்டி தூங்க மாட்டேன்றா" என்று என்னிடம் சொல்வார். "சத்தம் நின்னுச்சின்னா எழுப்பறேன்னு காவலுக்கு ஒக்காந்துக்கறா. நின்னப்புறம் இன்னாத்துக்கு எழுப்பறதுன்னு கேட்டன். அழறா."

அவரைப் பரிசோதிக்கிற நாளில் எனக்கு ஒரு தனி வேலை உண்டு. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அடுத்த அறைக்குக் கொண்டுபோய், போர்வையில் சுற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தச் சத்தம் யாருடையது என்று தெரியாது. பிறகு மின்விசிறியை நிறுத்தி, பஸ் நிலையப் பக்கத்து ஜன்னலைச் சாத்த வேண்டும். கன்னியப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு, மூச்சைப் பிடித்து உட்காருவார். டாக்டர் முதலில் குழாயே வைக்காமல் ஒரு கை தூரத்தில் கண்ணை மூடி நின்று கேட்பார். அதன் பிறகு குழாய். அதன் பிறகு கண்ணின் வெள்ளை, ஈறு, நகக்கண், இரண்டு மணிக்கட்டிலும் நாடி, இரண்டு பாதத்திலும் நாடி. நாக்கை நீட்டச் சொல்வார், நேராக வருகிறதா, ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்ப்பார். கடைசியில் தன் இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரலை நீட்டி, "பிடிங்க, நசுக்குங்க" என்பார். இரண்டு கையிலும் ஒரே பலம் இருக்க வேண்டும்.

"மூத்திரம் என்ன கலர்ல போவுது?"

"டீ கலரு டாக்டரே."

"எந்தக் கடை டீ?"

டாக்டர் சிரிக்காமல்தான் கேட்பார். அது வேடிக்கை இல்லை. கன்னியப்பனுக்கு ரத்தத்தை இளக்கி வைக்கிற மாத்திரை கொடுத்திருந்தார்கள். அளவு கூடினால் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியும், மூத்திரம் சிவக்கும். அளவு குறைந்தால் குண்டைச் சுற்றி ரத்தம் உறையும்.

ஏன் உறைகிறது என்று ஒருநாள் நான் கேட்டேன். அந்த வருஷத்தில் நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். டாக்டர் ஜன்னல் வழியாகக் கடைத்தெருவைக் காட்டினார். "ஒரு வெளியூர்க்காரன் அந்த முனையில வந்து சும்மா நிக்கட்டும். என்ன ஆவும்? யாரு, எந்த ஊருன்னு நாலு பேரு சுத்தி நிப்பான். நாலு பேரப் பாத்து நாப்பது பேரு வருவான். தெரு அடைச்சிக்கும். ரத்தமும் நம்ம ஊரு ஜனம் மாதிரிதான் அர்ச்சுனா. அன்னியமா ஒண்ணு உள்ள வந்தா சுத்திக் கூடும். மாத்திரைன்றது கூட்டத்தக் கலைக்கிற போலீசு. போலீசு ஒருநாள் லீவு போட்டா கூட்டம் கெட்டியாவும். அதுல ஒரு துணுக்கு பிச்சிக்கினு மூளைக்குப் போனா, கை போவும், பேச்சு போவும். குண்டையே அடைச்சிக்கினா ஆளே போவான்."

இத்தனையும், சத்தம் அடங்கினால் ஆபத்து என்பது உட்பட, கன்னியப்பனிடம் பலமுறை சொன்னதுதான். அவர் தலையாட்டினதும் உண்மைதான். ஆனால் அவருக்குத் தொழிலில் ஒரு கஷ்டம் வந்துவிட்டது. அது டாக்டருக்குத் தெரியவில்லை.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு தரகர்களும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை. வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வாயால் மாட்டைப் புகழலாம், அம்மா மேல் சத்தியம் செய்யலாம், அழலாம். அதெல்லாம் கூத்து, யாரும் கணக்கில் வைக்க மாட்டார்கள். விரலால் மட்டும் பொய் சொல்லக் கூடாது. துண்டுக்குள் நடந்ததை எந்தக் காலத்திலும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னவனோடு பிறகு எவனும் துண்டு போட மாட்டான்.

விலை பேசும்போது இரண்டு பேரும் முகத்தோடு முகம் நிற்க வேண்டும். அங்கேதான் வம்பு. கன்னியப்பனுக்குச் சமமான தரகர் ஏழுமலை என்று ஒருவர். செஞ்சிக்காரர். ஒல்லி, பெரிய காது. கன்னியப்பன் மனதில் வைத்திருக்கிற விலையை நெருங்கினால் அவர் நெஞ்சு டொக் டக் என்பதை விட்டுவிட்டு டொக்டக்டொக்டக் என்று ஓடும் என்பதை ஏழுமலை கண்டுபிடித்துவிட்டார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளக் கன்னியப்பனுக்குத் தெரியும். நெஞ்சை என்ன செய்வது?

"இன்னா கன்னியப்பா, வண்டி வேகமாப் போவுது? எறங்கற எடம் வந்துடுச்சா?" என்பாராம் ஏழுமலை. சந்தையே சிரிக்குமாம்.

கன்னியப்பன் வாய் திறக்காமல் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பார்த்தார். மாசி வெயிலில் கம்பளி போர்த்திப் பார்த்தார். மாட்டுக்குக் கழுத்துமணி விற்கிற கடைக்குப் பக்கத்தில் போய் நின்று விலை பேசிப் பார்த்தார். ஏழுமலை மணிக்கடைக்காரனிடம், "யோவ், கொஞ்ச நேரம் ஆட்டாத இருய்யா, நான் ஒரு ஆளப் படிச்சிக்கினு இருக்கறன்" என்றாராம்.

பிறகு கன்னியப்பன் பரிசோதனைக்கு வருவது நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தச் சோதனைக்குப் போகிற முறையும் தவறிப்போனது. ஆள் அனுப்பினால், வெளியூர்ச் சந்தைக்குப் போயிருக்கிறார் என்று பதில் வரும்.

ஒரு புதன்கிழமை பஞ்சு வாங்கக் கடைத்தெருவுக்குப் போன இடத்தில் அவரைப் பார்த்தேன். ஆள் மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"அர்ச்சுனா! வா வா. காத வையி" என்று என்னை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். தெருவே பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "வாயத் தொறக்கறன் பாரு. கேக்குதா?"

கேட்கவில்லை. காதை ஒட்டி வைத்தபோது, தலையணைக்கு அடியில் கடிகாரம் வைத்தது மாதிரி மங்கலாக ஏதோ கேட்டது. டொக் இருந்தது. டக் இல்லை.

"அடங்கிடுச்சிடா! போன வாரம் ஏழுமலைய ஒக்கார வெச்சி மொட்ட அடிச்சிட்டன். காதத் தீட்டிக்கினு நின்னான், ஒண்ணும் வெளங்கல அவனுக்கு. மிசினு நல்லா பழகிடுச்சி."

கூண்டுக்குள் குண்டு சரியாக விழவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "ண்ணா, டாக்டரு வரச் சொல்றாரு. இப்பவே" என்றேன். "வரன் போ, வெள்ளிக்கெழம சந்த முடியட்டும்" என்று போய்விட்டார். பஞ்சு வாங்காமலே ஓடிவந்து டாக்டரிடம் சொன்னேன். அவர் அன்று சாப்பாட்டு நேரத்தையும் பார்க்காமல் தொண்டூருக்குப் பஸ் ஏறினார். வீட்டில் ஆள் இல்லை. சந்தைக்கு மாடு பார்க்க எந்த ஊருக்குப் போனார் என்று மனைவிக்கும் தெரியவில்லை. டாக்டர் பசியோடு திரும்பி வந்து, இருட்டிவிட்டதால் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்தார்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் ஏழுமலை ஒரு கையால் கன்னியப்பனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். விலை பேசின துண்டு இன்னும் தோளில் கிடந்தது.

"டாக்டரே, இவன் கை பேசல."

"விடுடா, மாடு அங்க நிக்குது" என்றார் கன்னியப்பன். வார்த்தை கொஞ்சம் குழறியது, கள் குடித்தவர் மாதிரி.

"வெலையச் சொல்ல மாட்டன், ஆனா கையில பிடியே இல்ல. மூணாவது விரலு புடிக்கவே இல்ல, சும்மா மேல கெடக்குது. இருவது வருசமா இந்தக் கையோட பேசறன் டாக்டரே. இது அவன் கையே இல்ல."

நான் கடிகாரத்தைக் கழற்றினேன். டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார். வெகு நேரம் கேட்டார். நாக்கை நீட்டச் சொன்னார். கோணியது. விரலை நீட்டி நசுக்கச் சொன்னார். இடது கை நசுக்கியது. வலது கை தடவிக் கொடுத்தது.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேச வேண்டும், டிரங்கு கால் பதிவு செய்யுங்க என்றார். பதிவு செய்தேன். லைன் கிடைக்க மத்தியானம் ஆகும் என்றார்கள். டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு சின்ன மருந்துப் புட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஹெப்பாரின். கன்னியப்பனுக்கு அவசரம் வந்தால் போட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பியது. உடனே ரத்தம் உறைவதைத் தடுக்கும். ஆனால் அவர் ஊசியை எடுக்கவில்லை.

"இவரு மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டிருந்தா, ரத்தம் அதிகமா எளகி மூளையில கசிஞ்சிருக்கலாம். அப்படின்னா இந்த ஊசி போட்டா நான் கொன்ன மாதிரி. சாப்பிடாம இருந்தா, இது கட்டி. அப்படின்னா ஊசி போடாட்டி கொன்ன மாதிரி. நெஞ்சு கட்டின்னுதான் சொல்லுது. ஆனா வெறும் காத நம்பி இதப் போட எனக்குக் கை வரல" என்றார். கன்னியப்பனிடம் வந்து, "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"தெனம் சாப்டறன்."

"நேத்து?"

"சாப்ட்டன்."

"சத்தியமா?"

"எங்கம்மா மேல சத்தியமா டாக்டரே." வாய் கோணிக்கொண்டு, எச்சில் வழிய, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னார். சந்தையில் கிழட்டு மாட்டை இளங்கன்று என்று சத்தியம் செய்கிற அதே முகம். டாக்டருக்கு மாட்டுச் சந்தை தெரியாது. அவர் நம்பிவிட்டார். புட்டியை மறுபடி அலமாரிக்குள் வைக்கப் போனார்.

"இருங்க டாக்டரே" என்றார் ஏழுமலை. "இது வாய். இதப் போயி கேக்கறீங்களே." தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். "கைய குடுடா."

"வேணாம்."

"எடது கையக் குடு. தரகனுக்குப் பொறந்தவனா இருந்தா குடு."

அந்த வார்த்தைக்குப் பிறகு கொடுக்காமல் இருக்க முடியாது. கன்னியப்பன் இடது கையை நீட்டினார். ஏழுமலை துண்டைப் போட்டு மூடினார். "எத்தினி சந்தையா மாத்திரை போடல? வெரல்ல சொல்லு."

 கன்னியப்பன் நெஞ்சு சத்தம் போடவில்லை. துண்டு லேசாக அசைந்தது. ஏழுமலையின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"சொல்லுங்க" என்றார் டாக்டர்.

ஏழுமலை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏழுமலை, சொல்லுங்க."

"சொல்லக் கூடாது டாக்டரே. துண்டுக்குள்ள பேசனத வெளிய சொன்னா நான் தரகனே இல்ல." கன்னியப்பன் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிவிட்டால் இருபது வருஷத் தொழில் போய்விடும் என்று ஏழுமலைக்குத் தெரியும். சொல்லாவிட்டால் எதிரில் இருப்பவன் போய்விடுவான்.  பிறகு கன்னியப்பனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "மூணு சந்த. மூணு வாரமா ஒண்ணுகூட முழுங்கல, இந்தப் படுபாவி. சத்தம் வரக் கூடாதுன்னு."

"தெ... தெவிடியா மவனே" என்றார் கன்னியப்பன். 

டாக்டர் நரம்பில் ஊசி போட்டார். நான் கை அசையாமல் பிடித்துக்கொண்டேன். 

டிரங்கு காலுக்குக் காத்திராமல் அரிசி ஆலைக்காரருடைய காரை வாடகைக்குப் பிடித்தோம். கன்னியப்பன் மனைவியைத் தொண்டூரிலிருந்து வரவழைத்துப் பின்னால் அனுப்புவதாக டாக்டர் சொல்லிவிட்டு, நானும் ஏழுமலையும் கூடப் போக ஏற்பாடு செய்தார். காருக்குள் தலையை நீட்டி, "காரு சத்தத்துல கொழாய் வெச்சா ஒண்ணும் கேக்காது. அவரு திட்டறதக் கேட்டுக்கினு வாங்க. திட்டு தெளிவாவுதா, கொழறுதான்னு பாருங்க. கொழறல் அதிகமாச்சின்னா பக்கத்து ஊரு ஆஸ்பத்திரிக்கே திருப்புங்க" என்றார்.

கன்னியப்பன் திட்டக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார். ஏழுமலை விடவில்லை. கன்னியப்பன் விற்ற மாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது நொண்டி, அது மலடு, இன்னொன்று பால் வற்றினது என்று பழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு மயிலைக் காளைக்கு வந்தபோது கன்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. திட்ட ஆரம்பித்தார். திண்டிவனம் வரை திட்டில் பாதி புரியவில்லை. அதைத் தாண்டின பிறகு ஏழுமலையின் அப்பா, தாத்தா எல்லாரும் தெளிவாக வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது, அவர் மாமியார் வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்துவிட்டது. ஏழுமலை அழுதுகொண்டிருந்தார். "நல்லா வருது அர்ச்சுனா, நல்லா வருது" என்றார்.

அங்கே மறுபடி நெஞ்சைத் திறந்தார்கள். குண்டைச் சுற்றி இருந்த கட்டியை எடுத்து, கூண்டையே மாற்றி வைத்தார்கள். பிழைப்பாரா மாட்டாரா என்று பல நாள் யாராலும் சொல்ல முடியவில்லை. பிழைத்தார். வலது கையில் பிடியும் திரும்பியது. ஊருக்கு வந்தபோது சத்தம் முன்னைவிட அதிகம். மாத்திரையை அவர் மனைவி கையில் வைத்து, வாயில் போட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லித்தான் விடுவாள்.

சந்தைக்குப் போக ஆரம்பித்ததும் கன்னியப்பன் செய்த முதல் காரியம், ஏழுமலை மேல் புகார் கொடுத்தது. மற்ற தரகர்கள் சந்தை நடுவில் கூடினார்கள். நானும் போயிருந்தேன், சாட்சி சொல்ல. என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"துண்டுக்குள்ள பேசனத வெளிய சொன்னியா?" என்று மூத்த தரகர் கேட்டார்.

"சொன்னன்" என்றார் ஏழுமலை.

"அவன் உயிருக்காக சொன்னான்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"உயிரு இருக்கட்டும், அது டாக்டர் சமாச்சாரம்" என்றார் கன்னியப்பன். "நாளைக்கு இன்னொருத்தன் வேற காரணம் சொல்லுவான். அப்புறம் துண்டு எதுக்கு? ஒடம்பு தொடைக்கவா?" அவர் நெஞ்சு சீராக, நிதானமாக டொக், டக் என்றது. மனதில் இருப்பதைத்தான் சொல்கிறார் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

ஏழுமலை தப்பை ஒத்துக்கொண்டார். "மறுபடி அதே மாதிரி வந்தாலும் சொல்லுவன்" என்றும் சேர்த்துக்கொண்டார். சில சந்தைகளுக்கு அவர் துண்டு போடக் கூடாது என்று தீர்ப்பானது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கன்னியப்பன் சந்தைக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று டாக்டர் என்னைத் தேடச் சொன்னார். சந்தைக்கு எதிரே டீக்கடையில் இருந்தார். பக்கத்தில் ஏழுமலை. இரண்டு பேரும் தெருவில் ஓட்டிப் போகிற மாடுகளைப் பார்த்து, இதற்கு எந்த மடையன் என்ன விலை கொடுத்திருப்பான் என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ண்ணா, சந்தைக்குப் போவலியா? உங்களுக்குத் தடை இல்லையே" என்றேன்.

"போயி?" என்றார் கன்னியப்பன். "அங்க நிக்கிறவன்ல எவனுக்குடா எங் கையப் படிக்கத் தெரியும்?"